ஒச்சாண்டி கொடுத்த ஜோடி

எனக்குக் கோபம் வந்தால் கைதான் முதலில் போகும், வாய் அப்புறம்தான் வரும். கம்பத்துக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இந்தத் தெருவுக்கே அது தெரியும். தெரிந்தும் பக்கத்துத் தோட்டத்துச் சுருளிராஜன் அண்ணன் என் சேவலை வெட்டினார் என்றால் அந்த ஆளுக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும்?

என் தம்பி ஒச்சாண்டி ஒரு ஜோடி கொண்டுவந்து விட்டுப் போனான். செவலைச் சேவல் ஒன்று, சாம்பல் பொட்டை ஒன்று. அடுத்த மாதமே குமுளி மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் கையால் கொடுத்தது என்று எனக்கு அந்த இரண்டு உயிர்தான் மிச்சம். காலையில் சேவல் கூவினால் அவனே வாசலில் நின்று அக்கா என்று கூப்பிடுவது போல இருக்கும்.

சுருளியண்ணன் வளர்த்தது கழுத்தறுத்தான் ரகச் சேவல். கழுத்தில் ஒரு மயிர் இருக்காது, உரித்துப்போட்ட மாதிரி சிவந்து கிடக்கும். ஒரு நாள் என் செவலை வேலி தாண்டிப் போய் அதன் ஒரு கண்ணைக் கொத்தி எடுத்துவிட்டது. அண்ணன் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தார். அதே அருவாளால் ஒரே வெட்டு. தலையையும் உடம்பையும் தனித்தனியாக வேலிக்கு மேலே என் பக்கம் வீசினார். நான் கல்லை எடுத்து எறிந்தேன், அவர் நெற்றி பிளந்தது. ஊரார் வந்து பேசிப் பிரித்துவிட்டார்கள்.

சேவல் செத்தாலும் பொட்டை இடும் முட்டையில் கொஞ்ச நாளைக்கு அதன் கரு இருக்கும் என்று கால்நடை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்தேன். சாம்பல் பொட்டையோ அடைக்கு உட்காராமல் வேலிக்கு அந்தப் பக்கமே மேய்ந்து திரிந்தது. "உங் கோழிய இங்கன விடாத தாயி" என்று அண்ணன் சத்தம் போட்டார். வேண்டுமென்றேதான் விட்டேன். அவர் கீரைப்பாத்தியைக் கிளறட்டும் என்று விட்டேன்.

என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன் எஸ்டேட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். என் அழுகை பொறுக்காமல் ஓர் இன்குபேட்டர் வாங்கிவந்தார். தெர்மாகோல் பெட்டி, உள்ளே பல்பு, சின்ன ஃபேன், தண்ணீர்க் கிண்ணம், மூடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி. எனக்கு இதெல்லாம் புதுசு. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, வேளை தவறாமல் புரட்டி வைத்தேன். கரண்டு போனால் பெட்டிக்குப் போர்வை போர்த்திப் பக்கத்திலேயே கிடந்தேன். செல்போன் டார்ச்சில் முட்டையை வைத்துப் பார்த்தபோது உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியது. தம்பி எங்கேயும் போகவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

பொரிக்கிற சமயத்தில் மூடியைத் திறக்கவே கூடாது, ஈரம் போனால் குஞ்சு ஓட்டிலேயே ஒட்டிச் செத்துவிடும் என்றார்கள். பொரித்த அன்று காலையில் உள்ளே கீச்சுக் கீச்சென்று ஒரே சத்தம். கண்ணாடியில் ஆவி படர்ந்து ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷத்தில் முற்றத்துக்கு வந்தேன். அந்த ஒற்றைக்கண் கழுத்தறுத்தான் என் பொட்டையைத் துரத்திக்கொண்டு முற்றத்தில் ஓடியது. என் சேவல் இருந்தால் இது வாசலில் கால் வைக்குமா? தாவிப் பிடித்தேன். கழுத்தில் மயிர் இல்லாதது பிடிக்க வாகாக இருந்தது. முறுக்கி, வேலிக்கு மேலே வீசினேன்.

அண்ணன் அருவாளோடு வந்தார்.

"எங்கடி அந்தப் பொட்டி? ஏஞ் சேவலக் கொன்னுட்டு நீ மட்டும் குஞ்சு பொரிச்சுருவியா?"

"தொட்டுப் பாருண்ணே. தொட்ட கை ஒனக்கு இருக்காது."

வீட்டுக்குள் பாய்ந்தவரைப் பெட்டிக்கு முன்னால் மறித்தேன். அருவாள் என் தோளைச் சீவிக்கொண்டு போனது. மூலையில் இருந்த மண்வெட்டிக் காம்பை எடுத்து அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுகிற போதும் அந்த மனுஷன் பெட்டியை எட்டி உதைத்தார். மூடி பறந்தது, பல்பு உடைந்தது.

குஞ்சுகள் எல்லாம் தரையில் கிடந்தன. ஒன்றுக்கும் கழுத்தில் மயிர் இல்லை. தொண்டையில் மட்டும் ஒரு கொத்துப் பூமயிர், மற்றபடி சிவந்த மொட்டைக் கழுத்து. ஒன்றைப் புரட்டினேன், அடுத்ததைப் புரட்டினேன். என் செவலையின் சாயல் ஒன்றில்கூட இல்லை.

அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "எல்லாம் ஏஞ் சேவலோட புள்ளைக, ஆத்தா."

தம்பி இரண்டாவது தடவையும் செத்துப்போனான். காம்பை ஓங்கினேன், குஞ்சுகளின் மேல் இறக்கத்தான் ஓங்கினேன். உடைக்க வந்த மனுஷன் அதுகளின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அடி அவர் முதுகில் விழுந்தது. அவர் நகரவில்லை.

"என்னைய அடி ஆத்தா, எத்தன வேணாலும் அடி. இதுக ஒந் தம்பி குடுத்த பொட்டையோட புள்ளைகளுந்தான."

எனக்குக் கை ஓங்கியபடியே நின்றது. அப்புறம் காம்பைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து, தம்பி பேரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன். அவன் செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

சத்தம் கேட்டு வந்த என் வீட்டுக்காரர், "ரெண்டு பேருக்கும் கிறுக்கா புடிச்சிருக்கு" என்று எங்களை ஜீப்பில் ஏறச் சொன்னார். என் தோளில் ரத்தம் நிற்கவில்லை. பல்பு போய்விட்டதே, குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமே. ஒவ்வொன்றாக எடுத்து அண்ணன் சட்டைக்குள் விட்டேன். முறிந்த கையை மடியில் போட்டுக்கொண்டு, நல்ல கையால் அவர் அணைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது சொன்னேன்.

"அதுல ஒண்ணு செத்தாலும் மத்த கையவும் ஒடச்சுப்புடுவேண்ணே."

"சரி, ஆத்தா" என்றார்.