மீஞ்சூரில் இறங்கியவர்

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் டீக்கடையில் சுமலதா, தன்னோடு கம்பெனியில் வேலை செய்யும் மோனிகாவிடம் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த நான் பாதியில் நிறுத்திவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பாராக. திட்டு வாங்கியவர்தான் நம் கதாநாயகர்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'சிந்தனையாளர் என்பவர் தம் காலத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்து...'

(வேண்டாம். நாடி பார்க்கிறவர் கையையாவது தொட வேண்டும்.)

பேராசிரியர் இம்மானுவேல், நம் காலம் எப்படிப்பட்டது என்று மாதம் ஒரு கட்டுரையில் விளக்குபவர். நல்ல மனிதர். கெட்டவராக எழுதிப் பார்த்தேன், அவர் ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் காலை ரயிலில் நிற்க இடமில்லை. சுமலதாவுக்குப் பக்கத்து சீட்டிலோ ஒரு சாப்பாட்டுப் பை சொகுசாக உட்கார்ந்திருந்தது. இம்மானுவேலுக்கு நம் காலம் பிடிபட்டுவிட்டது. போட்டோ எடுத்தார். 'பைக்கு இருக்கை, மனிதனுக்கு இல்லை. இதுவே நம் யுகத்தின் ஆன்மா' என்று கட்டுரைக்குக் குறித்துக்கொண்டார். (நின்றவர்களில் தாமும் ஒருவர் என்பதைக் கட்டுரையில் சொல்லவில்லை.) மீஞ்சூர் வந்தது, கல்லூரிக்கு இறங்கிவிட்டார்.

அதே மீஞ்சூரில் எட்டு மாத வயிற்றோடு மோனிகா ஏறினாள். பை இருந்தது, சுமலதா அவளுக்காகப் பிடித்து வைத்த இடம்.

3

கட்டுரை வந்தது, போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. இப்போது சீட்டில் பை வைத்தாலே, "இன்னாக்கா, யுகத்தின் ஆன்மாவா?" என்று கீழே எடுத்து வைத்துவிட்டு யாராவது உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று நாளாக மோனிகா கும்மிடிப்பூண்டி வரை நின்றுகொண்டே போகிறாள்.

(நான் கேட்டது இவ்வளவுதான். மீதி என் சொந்தச் சரக்கு.)

நான்காம் நாள் ரயிலில் சுமலதா அவரைப் பிடித்துக்கொண்டார்.

"சார், ஆளு வருதான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? புள்ளத்தாச்சிப் பொண்ணு, நின்னுக்கினே போவுது."

இம்மானுவேலின் முகம் சுருங்கிவிட்டது. "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. அடுத்த மாசம் இதப் பத்தியே எழுதிடறேன்."

"அடுத்த மாசமா? அதுக்குள்ள அது பெத்துடும் சார்! நாளைக்கு இதே பெட்டியில, எல்லார் எதுருலயும் வாயால சொல்லுங்க, நான் எழுதுனது தப்புன்னு. அது போதும்."

4

அன்று மாலை அவர் எழுதிப் பார்த்தது: 'அவசரத் தீர்ப்பே நம் காலத்தின் நோய்.'

கவனித்தீர்களா? குற்றத்தைக் காலத்தின் தலையில் போடுகிறார். காலம் பாவம், எதிர்த்துப் பேசாது.

முடிவு ஒன்று: அந்தக் கட்டுரை வெளியாகிறது, பாராட்டு குவிகிறது, மோனிகா நிற்கிறாள். முடிவு இரண்டு: அவர் நாளை முதல் பஸ்ஸில் போகிறார். இரண்டும் நடக்கக்கூடியவை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

5

மறுநாள் காலை. அதே பெட்டி. எத்தனையோ மேடை ஏறியவர், இங்கே மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்.

"நண்பர்களே, நம் காலத்தில்..."

சுமலதா, இல்லை என்று தலையாட்டுகிறார். இம்மானுவேல் நிறுத்தித் தொண்டையைச் செருமுகிறார்.

இனி நான் எழுதப்போவதில்லை. நான் வார்த்தை எடுத்துக் கொடுத்தால் அது என் மன்னிப்பாகிவிடும். மீஞ்சூருக்கு வெளியே சிக்னல் கிடைக்காமல் ரயிலை ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்திருக்கிறேன். என்னால் ஆன உதவி அவ்வளவுதான். நீங்களும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறீர்கள். சிரித்துவிடாதீர்கள், அவர் பேசட்டும்.