முன்பின் தெரியாத முகம்

ஸ்டுடியோவில் அவனுக்குப் பெயர் இஸ்திரி. மாடல்களின் முகத்தில் இருக்கிற பரு, சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தேய்த்துத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் கொடுப்பவன் என்பதால் போட்டோகிராபர் வைத்த பெயர் அது. நாற்பது வயதை இருபத்தைந்துக்கு இறக்குவான். இருபத்தைந்தை மெழுகு பொம்மையாக்கிவிடுவான். போட்டோகிராபரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அவர் விளக்குகளை வைத்துப் பாதிப் பொய்யைச் சொல்வார், மீதியை இவன் சொல்லி முடிப்பான். பன்னிரண்டு வருடமாக இந்தக் கூட்டுத் தொழில் நன்றாகவே நடந்து வந்தது.

வீட்டில் மட்டும் அந்தத் திறமைக்குத் தடை. மூன்று வருடத்துக்கு முன் குடும்பப் படம் ஒன்று எடுத்தான். கை சும்மா இருக்குமா? பிரசவத்துக்குப் பிறகு மனைவியின் இடது கன்னத்தில் கருமையாகப் படர்ந்த மங்குத் திட்டைத் துடைத்தான். தாடையோரம் எண்ணெய் தெறித்து உண்டான, கால்புள்ளி மாதிரியான தழும்பைத் துடைத்தான். மூக்கோரத்து இரண்டு மச்சங்களையாவது போனால் போகிறதென்று விட்டானா என்றால், அதுவும் இல்லை. சட்டம் போட்டு மாட்டியதும் நான்கு வயது மகள் அண்ணாந்து பார்த்து, "இது சித்தியா?" என்று கேட்டாள். சித்தி அழகி. அதனாலேயே அந்தக் கேள்வி மனைவிக்கு அத்தனை வலித்தது.

அவள் படத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். "இந்த மூஞ்சியோட என்னால இருக்க முடியும். உங்களால முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. இனிமே இதுல கை வைக்காதீங்க."

கை வைப்பதில்லை என்று அவன் சத்தியம் செய்தான். சத்தியத்தைக் காப்பாற்ற அவன் கண்டுபிடித்த வழி, அவளைப் படமெடுப்பதையே விட்டுவிடுவது. இதை ஒரு பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டிருந்தான். அவள் என்ன நினைக்கிறாள் என்று மூன்று வருடத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் முகக் கிரீம் கம்பெனி வந்தது. ஒரே பெண், இரண்டு படம். ஒன்றில் 'முன்', மற்றதில் 'பின்'. கிரீம் பூசிய பதினைந்தே நாளில் மங்கு மறைந்துவிடுமாம். வந்த மாடலுக்கோ உரித்த முட்டை மாதிரி முகம். மறைய ஒன்றுமில்லை.

மாஸ்டர் சளைக்கவில்லை. 'பின்' படத்துக்கு எதிரே பெரிய வெள்ளைக் குடை விளக்கை வைத்து, தாடைக்குக் கீழே வெள்ளி அட்டையைப் பிடிக்கச் சொல்லி, முகத்தில் நிழலே விழாமல் பார்த்துக்கொண்டார். 'முன்' படத்துக்கு எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒற்றை பல்பை அடித்தார். அந்த வெளிச்சத்தில் எவர் முகமும் காய்ச்சலில் எழுந்து வந்ததுபோல்தான் இருக்கும். ஒரு மணி நேரம் பல்பை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அந்தப் பெண் அப்போதும் அழகாகவே இருந்து எல்லாரையும் எரிச்சல்படுத்தினாள்.

கடைசியில் கம்பெனியின் விளம்பர அதிகாரி இஸ்திரியைப் பார்த்தார். கறையைக் கம்ப்யூட்டரில் போட்டுவிடலாமே என்றார். ஆயுள் முழுக்கத் துடைத்தவனிடம் அழுக்காக்கச் சொன்னால்? முதலில் போட்டது மை கொட்டினது மாதிரி இருந்தது. இரண்டாவதைப் பார்த்து, மங்கு கேட்டால் தேசப்படம் வரைந்திருக்கிறானே என்றார் மாஸ்டர். மானம் போயிற்று. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மூன்றாவது முறை உட்கார்ந்தான். இந்தத் தடவை கை தானாகப் போயிற்று. எங்கே அடர்த்தி, எங்கே வெளிறல், எங்கே புள்ளி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அரை மணியில் முடிந்தது.

அதிகாரி அசந்துபோனார். உயிரோடு இருக்கிறதே, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். எல்லாம் கற்பனைதான் என்று இஸ்திரி அடக்கமாகச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினான், அதுதான் கொடுமை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் மனைவி போன் செய்தாள். ஆபீசிலிருந்து வந்து பஸ்ஸைவிட்டு இறங்கிய இடத்திலேயே நிற்பதாகவும், மகளைக் கூட்டிக்கொண்டு வரும்படியும் சொன்னாள். பை கனமாக இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனான்.

அவள் கையில் பையே இல்லை. அவளுக்குப் பின்னால், நிறுத்தத்தின் சுவர் முழுக்கக் கிரீம் விளம்பரம், அவன் வேலை. மகளுக்கு இப்போது ஏழு வயது, எழுத்துக்கூட்டிப் படிப்பாள். ஆனால் அன்றைக்கு அவள் எழுத்தைப் பார்க்கவில்லை.

"அப்பா, அந்த அக்கா மூஞ்சில ஏன் அம்மா கன்னம் இருக்கு?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். மங்கு அதே மங்கு. மூக்கோரத்தில் இரண்டு மச்சம். தாடையில் கால்புள்ளி. அவன் முகத்தில் ஈயாடவில்லை. பூசி மெழுகுவதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அப்போது பூசவும் வரவில்லை, மெழுகவும் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் வேணும்னு பண்ணல," என்றான். "உன் படத்தை எடுத்துக்கூடப் பாக்கல."

"தெரியும். மனப்பாடமா வச்சிருக்கீங்க. கால்புள்ளிகூட இடம் மாறல." அவள் குரல் உயரவில்லை. "இவ்வளவு உத்துப் பாத்திருக்கீங்கன்னு சந்தோஷப்பட்டிருப்பேன். கீழ 'முன்'னு எழுதாம இருந்திருந்தா."

அவன் சட்டைப் பையிலிருந்த போனைக் கண்ணால் காட்டினாள்.

"ஒரு படம் எடுங்க. இங்கயே."

மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, அந்த 'முன்'னுக்கு நேர் கீழே நின்றாள். மேற்கு வெயில் பக்கவாட்டில் வந்து இடது கன்னத்தில் விழுந்தது. மாஸ்டர் ஒரு மணி நேரம் பாடுபட்டும் வராத வெளிச்சம், இங்கே இலவசமாக வந்தது. கொஞ்சம் நிழலுக்கு வா என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டான். போனில் எடுத்தான்.

திரையில் எல்லாம் இருந்தது, ஒன்று விடாமல். கீழே ஓரத்தில் 'அழகாக்கு' என்று ஒரு பொத்தான். பன்னிரண்டு வருடப் பழக்கம். வலது கட்டைவிரல் அவனைக் கேட்காமலே அதை நோக்கி இறங்கியது. இடது கையால் விரலைப் பிடித்து இழுத்தான்.

அவள் படத்தைப் பார்க்கவில்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்ல," என்றாள். "பிடிச்சு இழுக்கவாவது தெரியுதே."

பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். போனை மட்டும் அவனிடம் விட்டுவைக்காமல் வாங்கிக்கொண்டாள்.