பாய்லர் அறையில் ஆள் மாறும் நேரம்

பாய்லர்காரர் உலகநாதன் 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் காலை ஷிஃப்டுக்குப் போனவர், பத்து ஆண்டுகள் பாய்லருக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்றார். உட்காரவில்லை, சாப்பிடவில்லை, சாகவும் இல்லை. செகந்திராபாத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்த நூற்பாலையை அன்று மத்தியானம் மூடிவிட்டார்கள். வாசலில் நோட்டீஸ் ஒட்டி, கேட்டுக்கு வெளியே போலீஸை நிறுத்தி, இரண்டு மணி ஷிஃப்டுக்கு வந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். உலகநாதன் வரவில்லை. பாய்லர் அறைக்கு ஒரு விதி உண்டு. அடுத்த ஷிஃப்டின் ரிலீவர் வந்து, வால்வில் கை வைத்து, நான் பார்த்துக்கொள்கிறேன் நீ போ என்று சொன்ன பிறகுதான் இருப்பவர் இடத்தை விட்டு அசையலாம். ரிலீவர் வேதாசலம் கேட்டிலிருந்தே ஜோலார்பேட்டைக்கு ரயிலேறிவிட்டார்.

மூன்றாம் நாள் நெருப்பு அவிந்தது. பாய்லர் ஜில்லிட்டுப்போனது. உலகநாதனின் கண் மட்டும் பிரஷர் மீட்டரின் முள்ளை விட்டு அகலவில்லை. பாதம் தரையோடு இருந்தது. கடப்பாரை போட்டு நெம்பினார்கள், கடப்பாரை வளைந்தது. ரயில்வே பணிமனையிலிருந்து தெரிந்தவர்கள் மூலம் ஒரு கிரேன் வந்தது. அதன் இரும்புக் கயிறு அறுந்தது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொன்னார். சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வால்வில் கை வைத்து, நாங்க பாத்துக்கறோம் அண்ணே, நீங்க கிளம்புங்க என்று சொல்லியும் பார்த்தார்கள். சொல்லும்போதே அவர்கள் பார்வை வாசல் பக்கம் இருந்தது. உலகநாதன் அசையவில்லை. ஆலை நிர்வாகம் அவர் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டது. அவர் நுழையவில்லை, வெளியேறவில்லை, அவ்வளவுதான் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதன் பிறகு யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. ஊரில் அப்போது பேசுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. கொண்டாப்பூர் பாறைகளை வெடி வைத்துத் தகர்த்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய மனைவி ராஜம் ஒருத்திதான் தினமும் வந்தாள். ஆலைச் சுவரின் பின்புறம், தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் இருந்த பக்கம், ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதன் வழியாக வந்து ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைப்பாள், சட்டையை மாற்றுவாள், அன்றைய சமாச்சாரத்தைச் சொல்வாள். அவருக்குத் தாடி வளரவில்லை, நரை விழவில்லை. நாற்பத்திரண்டு வயதிலேயே நின்றார். ராஜத்துக்கு மட்டும் வயது ஏறியது. கொண்டாப்பூரில் ஐடி பையன்கள் தங்கியிருந்த ஃப்ளாட்டுகளில் சமையல் செய்தாள். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்தாள். அவரை எப்படி விடுவிப்பது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆலை மூடியபோது மகள் லலிதாவுக்குப் பத்து வயது. அவருக்குப் பதிலாகத் தான் அங்கே நின்றுவிட்டால் பெண்ணுக்குச் சோறு போட ஆளில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

லலிதா தெலுங்கு மீடியத்தில் படித்தாள். பிறகு செகந்திராபாத்தில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் ஒட்டும் வேலைக்குச் சேர்ந்து, கேமராவைக் கையில் வாங்கினாள். அந்த வருடங்களில்தான் ஆலையை அரசு எடுத்து, மக்கள் வந்து போகும் கலைக்கூடமாக மாற்றும் வேலையைத் தொடங்கியது. அதற்குப் பொறுப்பேற்ற கட்டடக்கலைஞர் அச்யுத், அதே ஊரின் தார்நாகா பகுதியில் வளர்ந்தவர், ஒரு விஞ்ஞானியின் மகன். நல்ல மனிதர். ஒவ்வொரு செங்கல்லையும் கையால் தடவிப் பார்த்து, சுண்ணாம்பு அரைக்க ராஜஸ்தானிலிருந்து ஆள் வரவழைத்தார். நூல் சுற்றும் கூடம் ஓவியக் கண்காட்சி ஆனது, பஞ்சுக் கிடங்கு காபிக் கடை ஆனது. லைன் வீடுகள் இருந்த இடம் கார் நிறுத்துமிடம் ஆனது. அங்கே இருந்தவர்கள் ஊருக்கு வெளியே போனார்கள். சுவர் ஓட்டையைப் பழைய செங்கல் கொண்டே, அடைத்த தடம் தெரியாதபடி அடைத்தார்கள். இடத்துக்கு ‘தாகா கர்’ என்று பெயர் வைத்தார்கள், நூல் வீடு என்று பொருள். உலகநாதனைச் சுற்றிப் பித்தளைக் கம்பங்கள் நட்டு, சிவப்புக் கயிறு கட்டி, ‘தொழிலாளி, இருபதாம் நூற்றாண்டு’ என்று பலகை வைத்தார்கள். பக்கத்தில் இன்னொரு பலகை, தொடாதீர்கள் என்று. ராஜம் அதற்குப் பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று சமாச்சாரம் சொன்னாள். முகம் துடைக்க விடவில்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு படப் புத்தகம் போடத் தீர்மானித்தார்கள். வேலை லலிதாவின் ஸ்டூடியோவுக்கு வந்தது. முதலாளிக்கு அன்று வேறு கல்யாணம், லலிதாவை அனுப்பினார். அவள் கூடத்தை எடுத்தாள், புகைபோக்கியை எடுத்தாள், காபிக் கடையை எடுத்தாள். கடைசியில் அச்யுத் அவளைப் பாய்லர் அறைக்குக் கூட்டிப்போனார்.

“இதுதான் நம்ம புத்தகத்துக்கு அட்டை. ஜன்னல் வெளிச்சம் அவர் கன்னத்துல விழறது பாருங்கோ. அந்தக் களைப்பு நன்னா தெரியணும்.”

லலிதா கேமராவைத் தூக்கினாள். வ்யூஃபைண்டரில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவரை அவள் படம் எடுத்ததே இல்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கீழே இறக்கினாள்.

“சார், இவர் எங்க நாயனா.”

அச்யுத்தின் கண் கலங்கியது உண்மை. பலகையில் பெயரைச் சேர்த்துவிடலாம் என்றார். திறப்பு விழாவில் முதல் வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல்கிறேன் என்றார். பிறகு, குடும்பத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்தால் புத்தகத்தில் மிகவும் அருமையாக இருக்கும் என்று மெல்லச் சொன்னார்.

மறுநாள் படத்துக்காக ராஜம் மகளோடு வந்தாள். சிவப்புக் கயிற்றைக் காவலாளி அவிழ்த்துவிட்டார். அவள் முந்தானையால் புருஷனின் முகத்தைத் துடைத்தாள். தொடாதீர்கள் பலகையைப் பார்த்தாள். வாசலில் காபிக் கோப்பையோடு எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

“லலிதா, உனுக்கு சம்பளம் சரியா வருதா?”

“ஹவ் மா, வருது. எதுக்கு இப்போ அது?”

“சும்மாத்தான் கேட்டேன்” என்ற ராஜம் வால்வில் கை வைத்தாள். “நான் வந்துட்டேன். நான் பாத்துக்கறேன், நீ போய்யா.”

உலகநாதன் தலையைத் திருப்பினார். பத்து வருடம் பேசாத தொண்டை கரகரத்தது.

“ஏன் இவ்ளோ நேரம்?”

“பொண்ண வளத்துகினு இருந்தேன்.”

அவர் பாதத்தைத் தூக்கினார். தரையில் இரண்டு வெள்ளைத் தடங்கள் தெரிந்தன. ராஜம் அவற்றின் மேல் கால் வைத்து நின்றாள். அவள் பார்வை முள்ளுக்குப் போனது. அதற்குப் பிறகு லலிதா அழுததும் கையைப் பிடித்து இழுத்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

மகள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறைக்கு உலகநாதன் வந்தார். ஒரு பானைச் சோற்றைத் தின்றுவிட்டு இரண்டு நாள் தூங்கினார். எழுந்ததும், லைன் வீடு எங்கே என்று கேட்டார். சொன்னாள். ஆலையில் இப்போது என்ன ஓடுகிறது என்று கேட்டார். அதையும் சொன்னாள். மகளோடு நேராக தாகா கருக்குப் போய், வால்வில் கை வைத்து, ராஜத்தை விடுவித்தார். இந்த முறை அவள் அவரைத் தனியாக விடவில்லை. அவர் பார்வை முள்ளுக்குப் போவதற்குள் கையைப் பிடித்து இழுத்தாள். வால்வை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். கார் நிறுத்துமிடத்தைத் தாண்டுவதற்குள் பின்னால் கூச்சல் கேட்டது. நெருப்பில்லாத பாய்லரில் முள் ஏறிக்கொண்டிருந்தது. மீட்டரின் சிவப்புக் கோடு வரை வந்துவிட்டது. சுவர்ச் சுண்ணாம்பு பொரிந்தது, காபிக் கடையில் கோப்பைகள் வெடித்தன, ஓவியம் வரைய வந்த பள்ளிக் குழந்தைகள் ஒரே வாசலில் நெருக்கியடித்தார்கள். அச்யுத் ஓடி வந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டார்.

“வேற யாராவது நிக்கட்டும் சார். ஏன், நீங்க நில்லுங்களேன்” என்றாள் லலிதா.

அச்யுத் போனார். வால்வில் கையும் வைத்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். முள் இறங்கவில்லை. ராஜம் உலகநாதனைப் பார்த்தாள். அவர் பாய்லர் அறைக்குத் திரும்பி நடந்தார். அவர் நின்றதும் முள் இறங்கியது.

அன்றிலிருந்து இருவரும் முறை வைத்து நின்றார்கள். ஒரு நாள் அவர், ஒரு நாள் அவள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆள் மாறும். அந்த ஒரு வாக்கியம் சொல்லும் நேரம் மட்டும் இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்தார்கள்; மற்ற நேரமெல்லாம் ஒரே பாயில் மாறி மாறிப் படுத்தார்கள். நிர்வாகம் அந்த நேரத்தை வாசல் பலகையில் எழுதிவைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூடியது. தம்பதியருக்குச் சம்பளம் கொடுக்க இடமில்லை, காட்சிப் பொருட்கள் என்ற தலைப்பில்தான் அவர்கள் பதிவாகியிருக்கிறார்கள் என்று மேலதிகாரி வருத்தத்தோடு சொன்னார். லலிதா வார விடுமுறையில் போய்ப் படம் எடுத்தாள். ஒரு படத்திலாவது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள். எல்லாப் படத்திலும் இருவர் கண்ணும் முள்ளின் மேல்தான் இருந்தது.

2012ஆம் ஆண்டு லலிதாவுக்கும் அதே ஸ்டூடியோவில் வீடியோ எடுத்த சாய்கிருஷ்ணாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. மத்தியானம் இரண்டு மணிக்கு முகூர்த்தமே கிடையாது என்றார் புரோகிதர். எங்கள் வீட்டில் வேறு நேரம் கிடையாது என்றாள் லலிதா. பாய்லர் அறையில் மணை போட்டார்கள். அன்று பணியில் இருந்தவர் உலகநாதன். ராஜம் பட்டுப் புடவையோடு வந்து இடது கையை வால்வில் வைத்தாள். வலது கையால் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தாள். அவள் கைக்கு மேல் உலகநாதன் தன் கையை வைத்தார். அவள் வாக்கியத்தை முடிந்த மட்டும் இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். சாய்கிருஷ்ணா மூன்றாவது முடிச்சைப் போடவும் அவள் சொல்லி முடிக்கவும் சரியாக இருந்தது. டிக்கெட் வாங்கி வந்திருந்தவர்கள் நிகழ்ச்சி நன்றாக இருந்ததாகக் கைதட்டினார்கள். பஞ்சுக் கிடங்கில் இலை போட்டிருந்தது. உலகநாதன் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து, இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.