மண் ஒட்டினால் வண்டி உங்களுது

பேகம்பூரில் காதர் பீவியின் பழைய வண்டிக் கொட்டகைக்குள் நுழைந்ததுமே ஸ்டீபன்ராஜுக்குக் கண் நிலைகொள்ளவில்லை. சிவப்பு வண்டி ஒன்று வாசலைப் பார்த்து நின்றது. நாலு குண்டுச் சக்கரம், முன்னால் இரும்புத் தடுப்பு, ஜீப்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பிறந்த மாதிரி உருவம். ஆள் அதற்குள் மனசால் ஏறி உட்கார்ந்துவிட்டான் என்று ஐரினுக்குத் தெரிந்துபோயிற்று. பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு இது கூடவா தெரியாது.

கொடைக்கானலில் ஏதோ ஒரு விடுதி மூடும்போது, சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுற்ற வைத்திருந்த இரண்டு வண்டிகளைப் பீவி ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்தார். ஒன்று இந்தச் சிவப்பு. மற்றது மூலையில், பின்பக்கத்தை மரக்கட்டை மேல் ஏற்றி நிறுத்தியிருந்த பச்சை. சின்னது, சீட்டு கிழிந்தது, பெயிண்டு வெளுத்தது. இரண்டுக்கும் நாலு சக்கரமும் இழுக்கும் என்றார் பீவி. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐரினின் சங்கிலி அடகுக்கடையில் இருந்தது. அதில் வந்த பணத்துக்கு ஒரு வண்டிதான் வரும், தப்பாக எடுத்தால் இன்னொன்றுக்கு வழியில்லை.

“ரோட்டுல எம்புட்டுத் தூரம் வேணும்னாலும் ஓட்டிப் பாத்துக்கங்க” என்றார் பீவி. “மண்ணுல மட்டும் எறக்கக் கூடாது. மண் ஒட்டுச்சுன்னா வண்டி உங்களுது.”

ரோட்டில் ஓட்டிப் பார்த்து என்ன ஆகப் போகிறது? அவர்களுக்கு வேண்டியது சேற்றில் போகும் வண்டி.

சிறுமலை அடிவாரத்தில், வெள்ளோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை அவர்களுக்கு. அவர்களுக்கு என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஸ்டீபன்ராஜின் அண்ணன் கஸ்பாருக்கும் அதில் சரிபாதி. போன வருஷம் ஐப்பசி மழைக்குச் செவட்டை நோய் விழுந்து கொத்துக் கொத்தாய்க் காய் கருகிற்று. மழை விட்ட அன்றைக்கே மருந்தடித்தால் பிழைக்கும், ஒரு நாள் தள்ளினால் போச்சு. ஆனால் அடிக்க ஆள் வேண்டுமே. இருந்த ஆட்களையெல்லாம் மில்லு வேன் விடியுமுன்னே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. டிராக்டரை உள்ளே விட்டார்கள். அது ஈரத்தில் புதைந்து, பந்தலைத் தாங்கிய கல்தூணைச் சாய்த்து, வேரையும் அறுத்துவிட்டு வந்தது. கஸ்பார் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஈஸ்டருக்கு வந்தபோதுதான் சொன்னார். இந்தக் காய்ப்பும் தப்பினால் கொடியை வெட்டிப்போட்டுப் பிளாட்டு போட்டுவிடலாம் என்று. சுற்றியிருந்த தோட்டங்களில் ஏற்கெனவே மஞ்சள் கல் நட்டாயிற்று.

இப்போது காய் மிளகு அளவு. மலை உச்சியில் மேகம் கட்டி இரண்டு நாளாகிறது.

ஸ்டீபன்ராஜ் சிவப்பு வண்டியை முடுக்கி, உறுமவிட்டு, அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “இழுவையைப் பாத்தியா? யானை மாதிரி நிக்குது.”

“யானை நம்ம தோட்டத்துக்குள்ள போனா என்னங்க ஆகும்?”

“ஏ, சும்மா இரு.”

“முன்பக்கத்தைத் தூக்குங்க, பாப்போம்.”

அவன் தூக்கிப் பார்த்தான். கொட்டகை வேலையாள் ஒருவரும் வந்து கைகொடுத்தார். சிவப்பு வண்டி அசைந்து கொடுக்கவில்லை. அம்புட்டும் இரும்பு என்று ஸ்டீபன்ராஜ் பெருமையாகச் சொன்னான், ஏதோ அவனே வார்த்த இரும்பு மாதிரி. அந்த அம்புட்டு இரும்பும் போன வருஷ டிராக்டர் மாதிரிப் புதையும் என்று ஐரினுக்குப் பட்டது. சொன்னால் சண்டை வரும். நேராகப் பச்சை வண்டிக்குப் போனாள்.

இதன் பின்பக்கம் கட்டை மேல்தான் இருந்தது. ஸ்டீபன்ராஜ் வேண்டாவெறுப்பாக முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான். மூச்சுப் பிடித்தாலும் தூக்க முடிந்தது. ஐரின் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற நெம்புகோலைத் தள்ளிவிட்டு, குனிந்து பின்சக்கரத்தைக் கையால் சுற்றினாள். முன்னால் இடது சக்கரம் மெதுவாகச் சுற்றியது. வலது சக்கரம் அப்படியே நின்றது.

“பாத்தியா, செத்த வண்டி” என்றான் ஸ்டீபன்ராஜ், பல்லைக் கடித்துக்கொண்டு. “மூணு சக்கரந்தான் ஓடுது. எறக்கிரவா?”

ஐரின் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். அவன் சொல்வதுதான் சரியோ? தன் பேச்சைக் கேட்டு இதை வாங்கிச் சேற்றில் நின்றுபோனால், சங்கிலியும் போய், தோட்டமும் போய், ஆயுசுக்கும் அந்தச் சொல் தன் தலையில்தான் விடியும்.

“செத்த நேரம் பிடி தம்பி” என்று பீவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். சேலையைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, முன்னால் சுற்றிய இடது சக்கரத்தின் மேல் செருப்புக் காலை வைத்து அழுத்தினார். “இப்பச் சுத்தும்மா.”

ஐரின் சுற்றினாள். நின்றிருந்த வலது சக்கரம் சுற்றத் தொடங்கியது.

“அந்தரத்துல இருக்கும்போது எது லேசோ அது சுத்தும். மண்ணுல நின்னா ரெண்டும் இழுக்கும். விக்கிறவ சொல்றேன், நம்புறதும் நம்பாததும் உங்க பாடு.”

ஸ்டீபன்ராஜ் வண்டியை இறக்கிவிட்டுச் சிவப்பைப் பார்த்தான், பச்சையைப் பார்த்தான். ஐரின் பணப்பொட்டலத்தை எடுத்துப் பீவியின் கையில் வைத்துவிட்டு, “பச்சை” என்றாள். கிளம்பும்போது அவன் சிவப்பை இன்னொரு தரம் திரும்பிப் பார்த்தான்.

இருந்தாலும் வேலையில் அவன் சோடை இல்லை. ராவோடு ராவாகப் பின்னால் கேரியர் வைத்துப் பற்றவைத்து, பெரிய டிரம்மும் தெளிப்பு மோட்டாரும் பொருத்திவிட்டான். மறுநாள் விடியலில் பிடித்த மழை மதியம் வரை கொட்டித் தீர்த்தது. பிறகு வெயில் அடித்து, தோட்டத்திலிருந்து ஆவி கிளம்பிற்று. செவட்டைக்கு விருந்து வைத்த மாதிரியான வெக்கை. கீழ் இலைகளைத் திருப்பிப் பார்த்தாள் ஐரின். இன்னும் வெள்ளைப் பூஞ்சை பூக்கவில்லை. இருட்டுவதற்குள் அடித்தாக வேண்டும்.

கஸ்பார் குடையோடு வந்து வரப்பில் நின்றார். வா என்று யாரும் கூப்பிடவில்லை, வராமலும் இருக்க மாட்டார்.

அண்ணன் பார்க்கிறார் என்றதும் ஸ்டீபன்ராஜ் டிரம்மைத் தளும்பத் தளும்ப நிரப்பினான். திரும்பத் திரும்பத் தண்ணிக்கு வரக் கூடாதாம். ஏறி உட்கார்ந்து, பந்தல் கம்பிக்குக் குனிந்து, கொடி வரிசைகளுக்கு இடையே விட்டான். முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது பத்தியின் நடுவில், தண்ணீர் தேங்கிய இடத்தில், சக்கரம் வழுக்கியது. அவன் முறுக்கினான். வண்டி முன்னால் போகாமல் கீழே போயிற்று.

“அம்புட்டுத்தானா” என்றார் கஸ்பார் வரப்பிலிருந்து.

ஸ்டீபன்ராஜுக்குக் காது சிவந்தது. இன்னும் முறுக்கினான். சேறு வாரி ஐரினின் முகத்தில் அடித்தது. சக்கரம் தோண்டிய குழியில் வேர்நுனிகள் வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்த்தன. அவளுக்கு அழுகை வந்தது. செவட்டை வரும் முன்னே இவனே வெட்டிவிடுவான் போலிருந்தது.

“நிறுத்துங்க.”

“இந்தா, ஏறிரும்.”

“நிறுத்துங்கன்னா.” ஓடிப்போய் அவளே சாவியைத் திருகி அணைத்தாள். வண்டியைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள். லேசான வண்டி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள். அதன் மேல் வரம்பில்லாமல் தண்ணீரை ஏற்றும்போது பக்கத்தில்தான் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. இதில் பாதிப் பிழை தன்னுடையது என்று அவளுக்கு உறைத்தது. டிரம்மின் குழாயைத் திறந்துவிட்டாள். காசு கொடுத்து வாங்கிய மருந்து பாதி நீலமாகச் சேற்றில் கலந்தது. வண்டி அப்படியும் அசையவில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். நல்ல தாட்டியான உடம்பு. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துத்தான் ஊரே கண் வைத்தது.

“நீங்க எறங்குங்க” என்றாள் தணிந்த குரலில். “நான் ஓட்டுறேன்.”

அவன் வரப்பைப் பார்த்தான். கஸ்பாருக்குக் கேட்டிருக்கும். மொபெட்டைத் தாண்டி அவள் எதையும் ஓட்டியதில்லை. அண்ணன் முன்னால், தான் வாங்கிய வண்டியிலிருந்து, பொண்டாட்டி சொல்லி இறங்குவது அவனுக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்டாள், பயந்துகொண்டுதான் கேட்டாள்.

அவன் இறங்கினான். இறங்கியதும் வண்டி ஒரு விரற்கடை மேலே எழும்பியது. பின்னால் போய் முழங்கால் சேற்றில் ஊன்றி நின்று, “முறுக்காத. மெதுவா விடு” என்று மட்டும் சொன்னான். ஐரின் மெதுவாக விட்டாள். அவன் தோள் கொடுத்தான். முன்சக்கரங்கள் இரண்டும் மண்ணைக் கவ்வி, குழியிலிருந்து ஏறின.

அதற்குப் பிறகு பாதி டிரம்தான். ஒவ்வொரு நடைக்கும் வரப்புக்கு வந்தாள். ஒவ்வொரு நடைக்கும் அவன் மருந்து கலக்கி வாளி வாளியாக ஊற்றினான். அவளுக்கு முதுகு கழன்றது. குனிந்தே ஓட்டியதில் கம்பி தலையில் இரண்டு இடத்தில் கீறிற்று. கடைசி மூன்று பத்தி மீந்திருக்கும்போது மறுபடி மழை இறங்கிவிட்டது.

அந்த மூன்று பத்தியும் நாலாம் நாள் கருகின. மற்றதில் ஒரு கொத்துக்கூடக் கருகவில்லை. கஸ்பார் வந்து ஒவ்வொரு பத்தியாக இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஐரின் பின்னாலேயே போனாள். கருகிய பத்திகளுக்கு வந்ததும் அவர் ஒரு கொத்தைப் பிடித்துக் கசக்கிப் பார்த்தார். இதைச் சாக்காக வைத்துப் பிளாட்டுப் பேச்சைத்தான் எடுக்கப் போகிறார் என்று அவள் தயாரானாள்.

“இந்த மூணையும் தோண்டி எடுத்துட்டுப் புதுசாக் கொடிக்குச்சி ஊனணும்ல. எப்ப ஊனப் போறீக?” என்றார் கஸ்பார்.

ஸ்டீபன்ராஜ் பதில் சொல்ல வாயெடுத்தான். பிறகு ஐரின் பக்கம் திரும்பி, அவள் சொல்லட்டும் என்று நின்றான்.

“தை பெறந்ததும் ஊனிரலாம்” என்றாள்.