ஜான்ரோஸ் இங்கிலீஷில் செய்த ஜெபம்

டீச்சர்மாருக்கு ஒரு வியாதி உண்டு. பள்ளிக்கூடம் விட்டாலும் வாய் ஓயாது. கோட்டாறு ஜெபகுமாரி டீச்சருக்கு அது முற்றிய கேஸ். ஆளைப் பற்றிச் சொன்னால் ‘ஹூ’, பொருளைப் பற்றிச் சொன்னால் ‘விச்’ என்று பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்தில் தொண்டை வறளக் கத்துகிறவள். பிள்ளைகள் மாற்றிச் சொன்னால் அந்த நொடியே திருத்திவிடுவாள்.

மகள் பிரீனாவின் நிச்சயம் வீட்டிலேயே நடந்தது. மோதிரம் மாற்றியதும், சாப்பாட்டுக்கு முன்னால் பெண்ணின் அப்பா ஜான்ரோஸ் ஜெபிக்க வேண்டும். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற, தமிழ் தெரியாத நண்பர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்காக இங்கிலீஷில் ஜெபிக்கத் தீர்மானித்திருந்தார். மஸ்கட்டில் வண்டி ஓட்டியபோது பழகிய இங்கிலீஷ். ஒரு வாரமாகப் பாத்ரூமுக்குள் முணுமுணுத்துப் பார்த்தார், பாவம்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். “காட், விச் கேவ் அஸ் பிரீனா...” என்று ஆரம்பித்தார்.

“ஹூ!” என்றாள் ஜெபகுமாரி, வகுப்பில் சொல்கிற அதே சத்தத்தில்.

ஜெபத்தின் நடுவில் யாராவது திருத்துவார்களா? மனிதர் பதறிப்போனார். அதன்பிறகு பயத்தில் வாயில் வந்ததெல்லாம் ‘ஹூ’தான். மோதிரத்துக்கும் ஹூ, சோற்றுக்கும் ஹூ. இளவட்டங்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் குலுங்கின. பாதியிலேயே ‘ஆமென்’ சொல்லிவிட்டுப் பந்தியில் பப்படம் வைக்கப் போய்விட்டார்.

“நாக்க அடக்க மாட்டியளாம்மா? அப்பாக்க மொகத்தப் பாத்தியளா?” என்று பிரீனா அடுக்களையில் பொரிந்தாள். ஜெபகுமாரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சே, என்ன வெட்கக்கேடு! சம்பந்தக்காரருக்கு அவர் சிரித்துக்கொண்டே பாயசம் ஊற்றுவதை அவளால் பார்க்க முடியவில்லை.

வந்தவர்கள் போனபின், சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தார்கள். கல்யாணமான நாள் முதல் அவர்தான் ஜெபிப்பார். தென்னையில் தொடங்கிப் பக்கத்துவீட்டுக்காரர் காய்ச்சல் வரைக்கும் ஆண்டவரிடம் பேசித் தீர்ப்பார். சோறு ஆறிப்போகுதே என்று அவள் முனகுவாள். இன்றைக்கு அவர் வாயையே திறக்கவில்லை.

“பிரீனாக்க அப்பா, நான் செஞ்சது தப்புதான். மன்னிச்சிருங்க.”

“அதுக்கென்னட்டி. தப்பாச் சொன்னது நாந்தானே.”

அந்தக் குரலில் கோபமே இல்லை. நாலு ஏச்சு ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“சொல்லுங்க. தமிழ்லதானே.”

அவர் கண்ணை மூடினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“மனசுக்குள்ளயே சொல்லிக்கிடட்டா, டீச்சர்?” என்று கேட்டார்.