சல்மா உம்மாவின் முகம்

நடுவர்கள் பள்ளிக்கூடக் கேட்டடிக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அஸ்மியா மாமி மண்டபத்துக்குள் புகுந்து, திரைக்கு முன்னால் போய் நின்றார்.

திரையில் இருந்தது நான் டெப் கணினியில் வரைந்த படம். சிறுபான்மைச் சமூகங்களின் தலைவர்களை டிஜிட்டல் ஓவியமாக வரையும் மாணவர் போட்டி. மற்றவர்கள் எல்லாரும் அரசியல்வாதிகளைக் கொண்டுவந்திருந்தார்கள். அந்த முகங்களைத் தேர்தல் போஸ்டரில் பார்த்தே எனக்கு அலுத்துவிட்டது. நான் இறக்காமத்துச் சல்மா உம்மாவை வரைந்தேன். வயல்காணியைப் பிடிக்க வந்தவர்களுக்கு முன்னால் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வரம்பில் குந்தியிருந்து காணியை மீட்டவர். மாகாணப் போட்டிக்கு இந்தப் படம்தான் போகும் என்று எங்கள் சித்திர ஆசிரியர் முபீன் சேர் அடித்துச் சொன்னார்.

சல்மா உம்மா மௌத்தாகிப் பல வருடம். உருவப்படம் ஹறாம் என்று அடையாள அட்டைகூட எடுக்காத மனுசி, ஒரு போட்டோ இல்லை. மகள் அஸ்மியா மாமி அவரை உரித்துவைத்த மாதிரி என்பார்கள். மாமி எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டு வருபவர். அவர் முகத்தைப் பார்த்து, வயதைக் கூட்டி வரைந்தேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பார்.

"ஆருக்கிட்டக் கேட்டுப் புள்ள கீறின?"

"நல்லதுக்குத்தானே மாமி. ஊரே பாக்கட்டும்."

"உசிரோட இருக்கக்குள்ள ஒருத்தரையும் படம் புடிக்க உடல்ல. மௌத்தான புறகு இப்பிடிக் கொண்டுவந்து காட்டுறியா? அழி!"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கண் எரிய எரிய வரைந்த படம். சேரைப் பார்த்தேன். அவர் நடுவர்களை மறிக்க வெளியே ஓடினார். முகம் தனி லேயரில், படத்தின் தனி அடுக்காக இருந்தது. வெடுக்கென்று அதை மறைத்தேன். முக்காட்டுக்குள் வெறும் வெள்ளை.

மாமி போகவில்லை. அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே சேர் நடுவர்களிடம் வெயிலைப் பற்றியெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"முழுக்க அழிஞ்சிட்டா?"

"இல்ல மாமி. மறைச்சுத்தான் கிடக்கு."

"அப்ப ஒருக்காக் காட்டு. உம்மாட முகம் எனக்கு மறந்து பெய்த்து மகள்."

என் கோபம் அப்படியே அடங்கிப்போனது. முகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். மாமி திரைக்குக் கிட்டப் போய் அண்ணாந்து பார்த்தார். "உம்மா" என்றார், அடுப்படியில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல.

பிறகு திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"இப்ப அழி. மறைக்காத, அழி."

அழித்தேன். நடுவர்கள் உள்ளே வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம்.