வினோஜனின் இறகுக் கிரீடம்

கிஷாந்த் என்ற பெயரை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

வினோஜன், அவன், நான் மூவரும் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். வேலை முடிந்ததும் சிக்னல் கிடைக்கும் கோயில் மேட்டில் உட்கார்ந்து, போனில் ஒரே அணியாகச் சண்டை விளையாடுவோம். வினோஜனின் வீரன் தலையில் மட்டும் ஓர் இறகுக் கிரீடம் இருக்கும். சிவப்பும் பச்சையுமாக முதுகுவரை தொங்கும். அதைப் போட்டதால் கூடுதலாக ஓர் அடிகூட அடிக்க முடியாது, வெறும் அலங்காரம். ஆனால் ஒருமுறை நடந்த போட்டியில் ஜெயித்தவர்களுக்கு மட்டும் கொடுத்தது, இனி யாருக்கும் கிடைக்காது, கைமாற்றவும் முடியாது. கிஷாந்த் அதை எச்சில் ஊறப் பார்ப்பான். நாங்கள் கேலி செய்வோம்.

மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது குளவி கொட்டி வினோஜன் செத்துப்போனான். அவன் அம்மா வீரம்மா, "அவனுக்குப் புடிச்சது அவனோடயே போகட்டும்" என்று அவன் போனைச் சவப்பெட்டிக்குள் அவன் கையருகே வைத்தார். வாய்க்கரிசி போடக் குனிந்த கிஷாந்த் நிமிரவே இல்லை. கட்டிப்பிடித்து அழுகிறான் என்று நானே தோளைத் தட்டித் தூக்கிவிட்டேன். தூ!

கருமாதிகூட முடியவில்லை. மேட்டில் கிஷாந்தின் போனை எட்டிப் பார்த்தால், அதே கிரீடம். அதற்கு மேல் வினோஜனின் பெயர்.

"எப்பிடிடா?"

"பொட்டியில இருந்து அவன் போன எடுத்துட்டேன். அவன் வெளயாட்டுக் கணக்க அப்பிடியே என் போனுக்கு மாத்திக்கிட்டேன். மண்ணுக்குள்ள கெடந்து யாருக்கு என்ன பிரயோசனம்?"

வாய்க்கரிசி போட்ட அதே கை. சட்டையைப் பிடித்து அவனை வீரம்மா வீட்டுக்கு இழுத்துப் போனேன். பெற்றவளிடம் அவனே சொல்லட்டும், காலில் விழட்டும்.

மகன் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தவர் திரும்பி, கிஷாந்த் கையிலிருந்த போனைப் பார்த்தார். திரையில் அந்த வீரன் சும்மா நின்றிருந்தான். யாரும் தொடாவிட்டாலும் மூச்சு வாங்குவான், தோளை அசைப்பான். அந்த விளையாட்டில் எல்லா வீரர்களும் அப்படித்தான். இறகுகள் ஆடின.

"இது நம்ம வினோ போட்டிருக்குற கிரீடமில்ல? எங்கிட்ட காட்டுவானே!" வீரம்மா விளக்கை விட்டுவிட்டுக் கிட்டே வந்தார். "போன பொட்டியில வச்சு விட்டோமே... அங்கருந்து வெளயாடுறானா தம்பி?"

கிஷாந்த் என்னைப் பார்த்தான். பிறகு கூசாமல், "ஆமாங்க பெரியம்மா" என்றான்.

"சாப்புட்டானான்னு கேளு."

அந்த நாய் எதையோ எழுதுவதுபோலத் திரையைத் தட்டினான். கொஞ்சம் காத்திருந்தான். "சாப்புட்டானாம்."

வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகன் போன பிறகு அந்த முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. என் பக்கம் திரும்பினார்.

"நெசந்தானாய்யா, திலக்ஷன்?"

வாயெல்லாம் கசந்து ஊறியது. விழுங்கினேன்.

"ஆமாங்க பெரியம்மா."

"அப்ப ரெண்டு பேரும் தெனம் வாங்கய்யா" என்றவர் அடுப்படிக்குப் போனார். வினோஜனின் கோப்பையைக் கழுவி, அதிலேயே கிஷாந்துக்குப் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஒரு கிளாஸில் வந்தது.

அவன் மடக்மடக்கென்று குடித்தான். நானும் குடித்தேன்.